கடிகாரம் இடப்பக்கம் சுற்றும் ஊரில் ஒரு நாள்

சிங்கப்பூரின் ஆக உயரமான இயற்கை இடம் புக்கிட் தீமா குன்று. அதன் உயரம் ஏறக்குறைய 164 மீட்டர். மலேசியாவின் கினபாலு மலை 4,095 மீட்டர் உயரமானது. அந்தக் கினபாலு உச்சியில் ஒரு நகரம் இருந்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து பாருங்கள். சந்தை, பல்கலைக்கழகம், போக்குவரத்து நெரிசல், காற்பந்துத் திடல் எல்லாம் அங்கே இருந்தால்?

தென்னமெரிக்க நாடான பொலிவியாவில் அப்படி ஒரு நகரம் உண்மையிலேயே இருக்கிறது. எல் ஆல்டோ என்ற அந்நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,150 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கிறது. அதன் விளிம்பில் நின்று கீழே பார்த்தால் ஒரு பெரிய கிண்ணத்திற்குள் செங்கற்களைக் கொட்டி வைத்ததுபோல் இன்னொரு நகரம் தெரிகிறது. அதுதான் லா பாஸ். பொலிவியாவின் அரசியல் சட்டப்படி தலைநகரம் சுக்ரே என்ற ஊர். ஆனால் அதிபர் மாளிகை, நாடாளுமன்றம், அமைச்சுகள் எல்லாம் இயங்குவது லா பாசில். அதனால்தான் உலகின் ஆக உயரமான தலைநகரம் என்று பலரும் இதையே சொல்கிறார்கள்.

மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் சிலி நாட்டின் சந்தியாகோ நகரில் நான் ஒரு பருவம் படித்தேன். ஜூலை விடுமுறையில் விடுதித் தோழி ஒருவர் என்னைத் தம் ஊருக்கு அழைத்தார். எல் ஆல்டோவில் பிறந்து வளர்ந்த அவருக்கு வயது 21. தாதிமைப் பட்டப்படிப்பு படிக்கிறார். கட்டுரையில் தம் பெயர் வேண்டாம் என்றார். பல்கலைக்கழகத்தில் நான் விருப்பப் பாடமாக எடுத்த ஸ்பானிய மொழிதான் எங்களை இணைத்தது. லா பாசில் நான் இருந்த சில நாள்களில் ஒரு வியாழக்கிழமை முழுவதும் அவருடன் ஊரைச் சுற்றினேன். மலையையும் சந்தையையும் பார்க்கத்தான் போனேன். ஆனால் அன்று முழுவதும் எங்கள் பேச்சு மொழியைப் பற்றியே சுழன்றது.

மூச்சு வாங்கும் காலை

லா பாசின் நடுப்பகுதி சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் உயிர்வாயு, கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 88 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். பாடப்புத்தகத்தில் படித்த இயற்பியலை அங்கே உடம்பே நமக்குச் சொல்லித் தருகிறது. இரண்டு மாடிப் படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது. தலை லேசாக வலிக்கிறது.

இதற்கு உள்ளூர் மருந்து கோக்கா இலைத் தேநீர். ஆண்டிஸ் மலை மக்கள் பல நூற்றாண்டுகளாகக் கோக்கா இலையை மென்றும் வெந்நீரில் ஊறவைத்தும் பயன்படுத்தி வருகிறார்கள். பொலிவியாவில் அது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட ஒன்று. ஆனால் கொக்கேன் எடுக்கப்படுவதும் இதே இலையிலிருந்துதான். கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருளை வெளிநாட்டில் உட்கொண்டாலும் சிங்கப்பூரருக்கு அது குற்றம். இதைச் சொன்னதும் தங்குவிடுதிப் பணியாளர் சிரித்துக்கொண்டே வேறொரு கோப்பையை நீட்டினார். அது முன்யா என்ற மலை மூலிகையில் போட்டது. புதினா வாசம் வந்தது. இரண்டு கோப்பை குடித்துவிட்டு வெளியே இறங்கினோம்.

தெருவில் காலை உணவு சால்டென்யா. பார்ப்பதற்கு நம் கறிப்பஃப் போலவே இருக்கும். ஆனால் உள்ளே இறைச்சியும் உருளைக்கிழங்கும் சூடான குழம்பில் மிதக்கின்றன. கடித்த வேகத்தில் குழம்பு சட்டையில் வழிந்தால் நீங்கள் வெளியூர்க்காரர் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். முதலில் ஒரு மூலையைக் கடித்து, குழம்பை உறிஞ்சிவிட்டுப் பிறகுதான் மற்றதைச் சாப்பிட வேண்டும். நண்பகலுக்குள் இந்தக் கடைகளில் வியாபாரம் முடிந்துவிடுகிறது.

சான் பிரான்சிஸ்கோ தேவாலயத்தின் பின்பக்கம் ஏறும் தெருக்களில் 'சூனியக்காரிகள் சந்தை' இருக்கிறது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மூலிகைகள், சாம்பிராணி போன்ற நறுமணப் பொருள்கள், சிறு சிலைகள், உலர்ந்த லாமா குட்டிகள் எல்லாம் அங்கே விற்கப்படுகின்றன. லாமா என்பது ஒட்டக இனத்தைச் சேர்ந்த மலை விலங்கு. புது வீடு கட்டும்போது அஸ்திவாரத்தில் உலர்ந்த லாமா குட்டி ஒன்றைப் புதைத்து, பச்சமாமா என்ற பூமித்தாயிடம் அனுமதி கேட்பது வழக்கம். சுற்றுப்பயணிகள் அதைப் படமெடுத்துத் தள்ளுகிறார்கள். "உங்கள் ஊரில் வீடு கட்டும் முன் எதுவும் செய்யமாட்டார்களா?" என்று தோழி கேட்டார். பூமி பூஜையைப் பற்றிச் சொன்னேன். "அப்படியென்றால் இதில் சூனியம் எங்கே இருக்கிறது?" என்றார். அதன்பின் நானும் படமெடுக்கவில்லை.

வரிக்குதிரைகளும் முகமூடிகளும்

லா பாசின் பெரிய சாலைச் சந்திப்புகளில் வரிக்குதிரைகள் நடமாடுகின்றன. வரிக்குதிரை உடை அணிந்த இளையர்களைத்தான் சொல்கிறேன். சாலையைக் கடக்கும் இடத்தில் கறுப்பு வெள்ளைக் கோடுகள் இருக்கும் அல்லவா? அந்தக் கோடுகளின் உருவகம்தான் இந்த வரிக்குதிரைகள். 2001ஆம் ஆண்டு நகராண்மைக் கழகம் இத்திட்டத்தைத் தொடங்கியது. இவர்கள் அபராதம் விதிப்பதில்லை. கோட்டைத் தாண்டி வந்து நிற்கும் மினிபேருந்தின் முன்னால் ஆடுவார்கள், ஓட்டுநரைப் பார்த்துக் கெஞ்சுவார்கள், முதியவரின் கையைப் பிடித்து மறுபக்கம் கொண்டுபோய் விடுவார்கள். வசதி குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த பல இளையர்களுக்கு இது பகுதிநேர வேலையாகவும் அமைந்திருக்கிறது. பச்சை விளக்கு எரிந்ததும் ஒரு வரிக்குதிரை என் கையைத் தட்டிவிட்டு அடுத்தவரிடம் ஓடியது.

அதே சாலையோரத்தில் கண்கள் மட்டும் தெரியும்படி கம்பளி முகமூடி அணிந்து உட்கார்ந்திருப்பவர்களைக் கண்டதும் முதலில் தயங்கினேன். அவர்கள் காலணிக்கு மெருகு போடும் தொழிலாளர்கள். அந்த வேலையை ஊர் இழிவாகப் பார்ப்பதால் அண்டைவீட்டாருக்கும் வகுப்புத் தோழர்களுக்கும் தெரியாமலிருக்க முகத்தை மறைத்துக்கொள்கிறார்கள். அவர்களில் படிப்புச் செலவுக்காக உழைக்கும் மாணவர்களும் உண்டு. 'ஓர்மிகோன் ஆர்மாதோ' என்ற பெயரில் அவர்களுக்கென ஒரு செய்தித்தாளும் வெளிவந்தது. அதை விற்ற வருமானம் அவர்களுக்கே.

ஒரே சாலையில் இரண்டு வகை வேடம். இரண்டையும் அணிந்திருப்பவர்கள் நம் வயதினர். வரிக்குதிரையை எல்லாரும் படமெடுக்கிறார்கள். முகமூடி அணிந்தவரை யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

முன்னும் பின்னும்

முரில்யோ சதுக்கம் லா பாசின் அரசியல் மையம். ஒரு பக்கம் 'எரிந்த மாளிகை' என்று அழைக்கப்படும் பழைய அதிபர் மாளிகை. 1875ஆம் ஆண்டுக் கலவரத்தில் தீப்பிடித்ததால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அதன் பின்னால் 2018இல் திறக்கப்பட்ட புதிய அதிபர் மாளிகைக் கோபுரம் எழுந்து நிற்கிறது. இன்னொரு பக்கம் நாடாளுமன்றக் கட்டடம். அதன் உச்சியில் உள்ள கடிகாரத்தைக் கவனித்தால் கொஞ்சம் தலைசுற்றும். எண்கள் வலமிருந்து இடமாக மாற்றி எழுதப்பட்டுள்ளன. முட்களும் இடப்பக்கமாகச் சுற்றுகின்றன.

2014ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அரசாங்கம் இந்த மாற்றத்தைச் செய்தது. 'தெற்கின் கடிகாரம்' என்று அதற்குப் பெயர். இதற்கு அறிவியல் காரணமும் இருக்கிறது. பூமியின் வடபாதியில் சூரியக் கடிகாரத்தின் நிழல் வலப்பக்கமாக நகரும். தென்பாதியில் அது இடப்பக்கமாக நகரும். உலகின் கடிகாரங்கள் எல்லாம் வடபாதி நிழலைப் பார்த்துச் செய்யப்பட்டவை. நாம் ஏன் நம் நிழலைப் பார்த்துச் செய்யக்கூடாது என்பதுதான் பொலிவியா எழுப்பிய கேள்வி. உள்ளூர்வாசிகள் பலர் இதைக் கேலி செய்கிறார்கள் என்று தோழி சிரித்தார். ஆனால் அடுத்து அவர் சொன்னது என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

லா பாசையும் அதைச் சுற்றியுள்ள மேட்டுநிலத்தையும் சேர்ந்த பழங்குடி மக்களின் மொழி அய்மாரா. அதில் 'நய்ரா' என்றால் கண் என்றும் முன்பக்கம் என்றும் பொருள். கடந்த காலத்தையும் அதே சொல்தான் குறிக்கும். 'கெப்பா' என்றால் முதுகுப்பக்கம். வருங்காலத்துக்கும் அதே சொல்தான். நடந்து முடிந்ததை நாம் பார்த்திருக்கிறோம், அதனால் அது கண்முன் இருக்கிறது. நடக்கப்போவதைப் பார்க்க முடியாது, அதனால் அது முதுகுக்குப் பின்னால். மொழியியல் ஆய்வாளர்கள் ரஃபாயேல் நூன்யெசும் ஈவ் சுவீட்சரும் 2006இல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வயதான அய்மாரா மக்கள் பழங்கதை பேசும்போது கையை முன்னால் நீட்டுவதையும் நாளையைப் பற்றிப் பேசும்போது தோளுக்குப் பின்னால் காட்டுவதையும் அவர்கள் பதிவுசெய்தார்கள்.

ஆங்கிலத்தில் யோசித்தால் இது விசித்திரமாகத்தான் தெரியும். தமிழில் யோசித்துப் பாருங்கள். 'முன்' என்றால் எதிரே இருப்பது. 'முன்பு' என்றால் கடந்து போனது. 'முன்னோர்' நமக்கு முந்தி வாழ்ந்தவர்கள். 'பின்' என்றால் முதுகுப்பக்கம். 'பின்னர்' என்றால் இனி வருவது. 'பிற்காலம்' என்றால் வருங்காலம். 12 ஆண்டு தமிழ் படித்த எனக்கு இந்தச் சொற்கள் எல்லாம் தெரியும். ஆனால் அவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்க ஓர் அய்மாரா சொல் தேவைப்பட்டது. இன்னொரு பக்கம், தமிழில் 'எதிர்காலம்' என்ற சொல்லும் இருக்கிறது. அது வருங்காலத்தை நம் முகத்துக்கு நேரே கொண்டுவந்து நிறுத்துகிறது. நம் மொழி காலத்தை இரண்டு பக்கமும் திரும்பிப் பார்க்கிறது என்று தோழியிடம் சொன்னபோது அவர் அதைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்.

அந்தச் சதுக்கத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. 1952ஆம் ஆண்டுப் புரட்சிக்கு முன்பு, பழங்குடி மக்கள் இந்தச் சதுக்கத்தில் சுதந்திரமாக நடமாட முடியாது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே வாக்குரிமை இருந்தது. அது பெரும்பாலான பழங்குடி மக்களை வெளியே தள்ளியது. பெண்களுக்கும் வாக்குரிமை இல்லை. புரட்சிக்குப் பிறகே எல்லாருக்கும் வாக்குரிமை வந்தது. இன்று மடிப்புப் பாவாடையும் வட்டத் தொப்பியும் அணிந்த அய்மாரா பெண்கள் அந்த இருக்கைகளில் உட்கார்ந்து புறாக்களுக்குத் தீனி போடுகிறார்கள். முதுகில் வண்ணத் துணியில் குழந்தையையோ காய்கறியையோ கட்டியிருக்கிறார்கள். தோழியின் கொள்ளுப்பாட்டி இந்தச் சதுக்கத்தைச் சுற்றிக்கொண்டுதான் போவாராம். நாங்கள் அதன் நடுவே நடந்தோம்.

கம்பியில் தொங்கும் மொழிப்பாடம்

லா பாசில் சுரங்க ரயில் கிடையாது. செங்குத்தான சரிவுகளில் அதைக் கட்டுவது எளிதல்ல. அதற்குப் பதிலாகத் தலைக்கு மேலே கேபிள் கார் ஓடுகிறது. செந்தோசாவுக்கு நாம் போகும் கேபிள் கார் சுற்றுலாவுக்கு. லா பாசில் ஓடுவது நம் எம்ஆர்டி போல. மக்கள் வேலைக்கும் பள்ளிக்கும் அதில்தான் போகிறார்கள். 2014 மே மாதத்தில் சிவப்புத் தடம் முதலில் திறக்கப்பட்டது. அடுத்து மஞ்சள், பச்சை. இந்த மூன்றும் பொலிவியக் கொடியின் வண்ணங்கள். 2019க்குள் பத்துத் தடங்கள், ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளத்துக்கு வளர்ந்துவிட்டன. நான் போனபோது ஒரு பயணத்துக்கு 3 பொலிவியானோ. நம் பணத்தில் ஒரு வெள்ளிக்கும் குறைவு.

நாங்கள் சிவப்புத் தடத்தில் ஏறினோம். நிலையப் பலகைகளில் ஸ்பானியப் பெயருடன் அய்மாரா பெயரும் இருந்தது. தோழி ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொன்னார். தொடக்க நிலையம் 'தாய்ப்பி உத்தா'. தாய்ப்பி என்றால் நடு, உத்தா என்றால் வீடு. அடுத்தது 'அஹாயுனி'. அஹாயு என்றால் ஆன்மா. ஆன்மாக்கள் இருக்கும் இடம் என்று பொருள். கீழே பார்த்தபோது காரணம் புரிந்தது. நகரின் பொதுமயானத்துக்கு மேலே போய்க்கொண்டிருந்தோம். அடுக்குமாடி வீடுகளைப் போல வரிசை வரிசையாகக் கல்லறை மாடங்கள். ஒவ்வொன்றிலும் சிறு கண்ணாடிக் கதவு, உள்ளே பூக்கள். சில சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்கள். கடைசி நிலையம் 'ஹாச்சா கத்து', அதாவது பெரிய சந்தை. பத்தே நிமிடத்தில் சுமார் 400 மீட்டர் உயரம் ஏறிவிட்டோம்.

நம் ஊரில் மாடி உயர உயர வீட்டின் விலையும் உயரும். இங்கே தலைகீழ். கீழே போகப் போகக் குளிர் குறையும், மூச்சு எளிதாகும். அதனால் வசதி படைத்தவர்கள் பள்ளத்தாக்கின் அடியில் வாழ்கிறார்கள். கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் மேலே எல் ஆல்டோவில் குடியேறினார்கள். கேபிள் கார் வருவதற்கு முன்பு மேலிருந்து கீழே வேலைக்குப் போக, நெரிசலில் மினிபேருந்தில் ஒரு மணி நேரம்கூட ஆகுமாம். அந்த மக்களின் குரல் நாட்டையே அசைத்ததும் உண்டு. 2003 அக்டோபரில், இயற்கை எரிவாயுவை ஏற்றுமதி செய்யும் திட்டத்தை எதிர்த்து எல் ஆல்டோ மக்கள் சாலைகளை மறித்தார்கள். 60க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தனர். அதிபர் பதவி விலகி நாட்டைவிட்டு வெளியேறினார்.

பாட்டியின் கடை

வியாழன், ஞாயிறு இரண்டு நாளும் எல் ஆல்டோவில் 'ஜூலை 16' சந்தை கூடுகிறது. தெருத்தெருவாக நீளும் அந்தச் சந்தையில் ஊசி முதல் கார் வரை கிடைக்கும். தோழியின் பாட்டி அங்கே சூன்யோ விற்கிறார். சூன்யோ என்றால் உலரவைத்த உருளைக்கிழங்கு. ஜூன், ஜூலை மாதங்களில் உறைபனி விழும் இரவில் கிழங்கைத் திறந்த வெளியில் பரப்புவார்கள். பகல் வெயிலில் அது இளகும். பிறகு காலால் மிதித்துத் தோலையும் நீரையும் நீக்குவார்கள். இப்படிச் சில நாள்கள் செய்து உலர்த்தினால் கறுத்த கூழாங்கல்லைப் போலாகிவிடும். ஆண்டுக்கணக்கில் கெடாது. குளிர்பதனப் பெட்டி கண்டுபிடிக்கப்படுவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆண்டிஸ் மக்கள் கண்ட உணவுப் பாதுகாப்பு முறை இது.

உருளைக்கிழங்கின் தாயகமே இந்த மலைப்பகுதிதான். மிளகாயும் அமெரிக்கக் கண்டம் தந்ததே. நம் சமையலில் உள்ள உருளைக்கிழங்கு மசாலாவும் மிளகாய்த் தூளும் கடந்த சில நூற்றாண்டுகளில் வந்து சேர்ந்தவை. இதைப் பாட்டியிடம் சொல்லச் சொன்னேன். அவர் என் கையில் ஒரு பிடி சூன்யோவை வைத்து அய்மாராவில் ஏதோ சொன்னார். "இது நம்முடைய சாப்பாடு என்கிறார்" என்று தோழி மொழிபெயர்த்தார். பிறகு ஒரு கணம் யோசித்துவிட்டு, "நம்முடைய என்பதற்கு அவர் சொன்ன சொல் ஹிவாசா. அதில் நீயும் சேர்த்தி. உன்னைச் சேர்க்காமல் சொல்ல நனக்கா என்று வேறு சொல் இருக்கிறது. ஸ்பானியத்தில் இதைச் சொல்ல வழியே இல்லை" என்றார்.

எங்களிடம் இருக்கிறது என்று சொல்லி 'நாம்', 'நாங்கள்' இரண்டையும் விளக்கினேன். பாட்டி இரண்டு சொற்களையும் சொல்லிப் பார்த்தார். தமிழுக்கும் அய்மாராவுக்கும் உறவு ஏதும் இல்லை. உலகின் வேறு பல மொழிகளிலும், மலாய் மொழியிலும்கூட, இந்த வேறுபாடு உண்டு. 'கித்தா', 'காமி' என்று நாம் தினமும் கேட்பதுதான். ஆனாலும் 4,000 மீட்டர் உயரத்தில் ஒரு முதியவர் என்னைத் தம் 'நாம்' என்ற சொல்லுக்குள் சேர்த்துக்கொண்டது மறக்கக்கூடியதன்று.

அங்கே கவனித்த இன்னொன்றும் உண்டு. பாட்டி அய்மாராவில் பேசுகிறார். பேத்தி ஸ்பானியத்தில் பதில் சொல்கிறார். ஏன் என்று கேட்டேன். பாட்டியே பதில் சொன்னார், ஸ்பானியத்தில். சிறு வயதில் பள்ளியில் அய்மாரா பேசினால் அடி விழுமாம். நகரத்துக்கு வந்த பிறகு பேச்சின் சாயலைக் கேட்டே கடைக்காரர்கள் கடைசியில் நிறுத்தி வைப்பார்களாம். தம் பிள்ளைகளுக்கு அந்த அவமானம் வேண்டாம் என்று வீட்டில் ஸ்பானியம் மட்டுமே பேசினார். பிள்ளைகள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள். பேத்திக்கு அய்மாரா கேட்டால் பாதி புரிகிறது, பேச வரவில்லை.

"இப்போது இவள் காசு கொடுத்துப் படிக்கிறாள்" என்று பாட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். அது முழுக்கச் சிரிப்பாக எனக்குத் தோன்றவில்லை.

சட்டமும் படுக்கையோரமும்

2009ஆம் ஆண்டின் புதிய அரசியல் சட்டம் ஸ்பானியத்துடன் 36 பழங்குடி மொழிகளையும் பொலிவியாவின் அதிகாரபூர்வ மொழிகளாக அறிவித்தது. ஆக மொத்தம் 37. அரசாங்க ஊழியர்கள் குறைந்தது இரண்டு அதிகாரபூர்வ மொழிகளில் பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. அதனால் அய்மாரா வகுப்புகளுக்கு இன்று தேவை இருக்கிறது. தோழியும் வார இறுதியில் இணையம் வழி ஒரு வகுப்பில் சேர்ந்திருக்கிறார்.

வேலைக்காக மட்டுமா என்று கேட்டேன். விடுமுறையில் மருத்துவமனை ஒன்றில் பயிற்சியில் இருந்தபோது கிராமத்திலிருந்து வந்த மூதாட்டி ஒருவர் தம் வலியை அய்மாராவில் சொன்னாராம். எங்கே வலி என்பது தோழிக்குப் புரிந்தது. எப்படிப்பட்ட வலி என்பது புரியவில்லை. மூதாட்டியின் மகன் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. "உடம்பு சரியில்லாதபோது யாரும் இரண்டாவது மொழியில் வலிப்பதில்லை" என்றார்.

சிங்கப்பூரிலும் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் தொண்டூழியம் செய்யும் மாணவர்களுக்கு இது புரியும். ஆங்கிலத்தில் கேட்டால் "ஓகே" என்று முடித்துக்கொள்ளும் தாத்தா, தமிழில் கேட்டால் பத்து நிமிடம் பேசுவார். நம்மைத் தமிழ் பேசியதற்காக யாரும் அடிக்கவில்லை. தொடக்கநிலை முதல் வகுப்பறை, ஆசிரியர், பாடநூல், தேர்வு எல்லாம் நமக்குத் தரப்பட்டிருக்கின்றன. நாடாளுமன்றத்தில் தமிழில் பேசலாம். இருந்தும் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். அய்மாரா வீட்டிலிருந்து விரட்டப்பட்டது. நம் வீடுகளில் தமிழ் மெல்ல இடம் விட்டுக்கொடுக்கிறது. காரணங்கள் வேறு. ஆனால் பாட்டியும் பேத்தியும் எந்த மொழியில் பேசிக்கொள்வது என்ற கேள்வி இரண்டு ஊருக்கும் பொது.

நான் புரிந்துகொண்டது இதுதான். பெயர்ப்பலகையும் சட்டமும் ஒரு மொழிக்கு மரியாதை தரும். பள்ளிக்கூடம் அறிவு தரும். ஆனால் அந்த மொழியில் செய்ய ஒரு வேலை இருந்தால்தான் நம் வயதினர் அதைக் கையில் எடுப்பார்கள். நோயாளியிடம் பேசுவது ஒரு வேலை. சந்தையில் பேரம் பேசுவது ஒரு வேலை. பாட்டெழுதுவதும் ஒரு வேலைதான்.

விளக்குகள் எரியும் நேரம்

மாலையில் வெள்ளித் தடத்தில் மேட்டின் விளிம்போடு போய், மஞ்சள் தடத்தின் உச்சி நிலையத்தை அடைந்தோம். அதன் அய்மாரா பெயர் 'கானா பாத்தா'. ஒளியின் உயரம் என்று பொருள். சூரியன் மறைந்ததும் குளிர் சட்டென்று இறங்கியது. தூரத்தில் 6,438 மீட்டர் உயரமுள்ள இல்லிமானி பனிமலை சற்று நேரம் இளஞ்சிவப்பாக நின்றது. கீழே கிண்ணம் முழுவதும் ஒவ்வொன்றாக விளக்குகள் எரியத் தொடங்கின.

இறங்கும்போது தோழி ஒரு காதொலிக் கருவியை என்னிடம் தந்தார். ஆப்ரஹாம் போஹோர்கேஸ் என்ற எல் ஆல்டோ இளைஞர் தொடங்கிய 'உக்கமாவ் இ கே' குழுவின் ராப் பாடல் ஓடியது. ஸ்பானியமும் அய்மாராவும் கலந்த வரிகள். போஹோர்கேஸ் 2009இல் இளவயதிலேயே இறந்துவிட்டார். ஆனால் அய்மாராவில் ராப் பாடலாம் என்பதை அவர் தலைமுறை காட்டிவிட்டுப் போயிருக்கிறது. பாட்டில் தமக்குப் புரியாத சொல் வரும்போதெல்லாம் தோழி அதைக் குறித்துக்கொண்டார். வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் கேட்பாராம்.

செல்ல விரும்பும் மாணவர்களுக்கு

• முதல் இரண்டு நாள் ஓய்வாக இருங்கள். மெதுவாக நடங்கள், நிறைய தண்ணீர் குடியுங்கள். இதயம், நுரையீரல் பிரச்சினை உள்ளவர்கள் புறப்படும் முன் மருத்துவரைப் பாருங்கள். தலைவலி கடுமையானாலோ மூச்சுத் திணறினாலோ தாழ்வான இடத்துக்கு இறங்குவதே சிறந்த சிகிச்சை.

• கோக்கா இலை, கோக்கா தேநீர், கோக்கா மிட்டாய் எதையும் உட்கொள்ளாதீர்கள், வாங்கி வராதீர்கள். முன்யா அல்லது கெமமைல் தேநீர் கேளுங்கள்.

• ஜூலையில் பகலில் வெயில் சுடும், இரவில் உறையும். உயரமான இடத்தில் புற ஊதாக் கதிர்கள் கடுமை. தொப்பியும் சூரியக் களிம்பும் கம்பளிச் சட்டையும் ஒரே பையில் இருக்கட்டும்.

• பாரம்பரிய உடை அணிந்த பெண்களையும் சந்தைக் கடைகளையும் படமெடுக்கும் முன் அனுமதி கேளுங்கள்.

• ஸ்பானியம் கொஞ்சமாவது தெரிந்துகொண்டு போங்கள். கூடவே மூன்று அய்மாரா சொற்கள். 'கமிசாக்கி' என்றால் எப்படி இருக்கிறீர்கள். 'வாலிக்கி' என்றால் நலம். 'யுஸ்பஹாரா' என்றால் நன்றி. சந்தையில் வயதானவர்களிடம் சொல்லிப் பாருங்கள். எனக்கு இரண்டு கடைகளில் கூடுதலாக ஒரு கைப்பிடி கிடைத்தது.